மூன்று கால்களின் ஆயுள்

விலை கூடிய கமரா முக்காலி மலிவானதை விட நீண்டகாலம் உழைக்குமா என இளம் செய்தியாளர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நல்லதொன்றை வாங்கினால் ஒரு மாதச் சம்பளமே கரைந்துவிடும் என்பதால், இதனை அற்பமான கேள்வியாக நான் கருதுவதில்லை.

முக்காலியின் வரலாற்றிலேயே இதற்கு விடை உண்டு. ஜேர்மனியின் சக்சனி மாநிலத்தில் 1898 இல் ஆரம்பமான பேர்லபாக் நிறுவனம் இன்றும் மரத்தினாலேயே முக்காலி செய்கின்றது. 1917 இல் பிரான்ஸில் உருவான கிட்சோ, 1994 இல் காபன் இழை முக்காலியை அறிமுகப்படுத்தியது. மரமும் காபனும் முற்றிலும் வேறானவை. எனினும் இரண்டையும் கழற்றித் துடைக்கலாம். தேய்ந்த பாகத்தை மாற்றலாம். மிக மலிவானவற்றிலோ கால்களைப் பூட்டும் பிளாஸ்ரிக் பிடி வெடித்தால் பெரும்பாலும் மாற்றுப் பிடி கிடைப்பதில்லை. முழு முக்காலியும் குப்பைக்கே போகும்.

அதற்காக விலை ஒன்றே காவலாகிவிடாது. கடற்கரையில் நிறுத்திய முக்காலியைக் கழுவாமல் மடித்து வைத்தால், உப்பும் மணலும் எந்தத் திருகையும் தின்றுவிடும்.

ஆகவே, கடைக்காரரிடம் விலையைக் கேட்குமுன் உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காதென்றால், மலிவானதும் ஈற்றில் விலை கூடியதாகவே முடியும்.