கைத்துப்பாக்கியின் கலிபர்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

வரலாற்றில் பலாத்காரமே மூலகாரணி, பொருளாதாரம் அதன் விளைவு என வாதிட்ட டூரிங்கை மறுக்கப் புகுந்த ஏங்கெல்ஸ், அவர் கையாண்ட குரூசோ - பிரைடே உதாரணத்தையே எடுத்துத் தலைகீழாக்கிக் காட்டினார். வாளேந்திய குரூசோ பிரைடேயை அடிமையாக்கினான் எனின், ஒருநாட் காலை பிரைடே ரவை நிரப்பிய றிவோல்வருடன் வந்து நிற்பதையும் நாம் கற்பனை செய்யலாம். அப்பொழுது ஏவுபவன் யார், ஏவல் செய்பவன் யார் என்பது மாறிவிடும். ஆனால் றிவோல்வர் தீவொன்றின் மரத்திற் காய்ப்பதன்று. அதன் பின்னால் உலோகத் தொழிலும் ஆலைகளும் மனித உழைப்பும் உள்ளன. ஆயுதத்தைச் சமூக உறவுகளிலிருந்து பிரித்து நோக்கலாகாது என்பதே, 1878இல் நூலுருப் பெற்ற 'டூரிங்குக்கு மறுப்பு' தரும் பாடமாகும்.

இப்பாடத்தை மிகச் சிறியதொரு பொருளுக்குப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். பொலிசாருக்கும் தற்காப்பு நாடுவோருக்கும் ஏற்ற கைத்துப்பாக்கியின் கலிபர் எது என்னும் வினா, ஐக்கிய அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. கலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். அதன்வழிச் சன்னத்தின் பருமனையும் அது குறிக்கும். விவாதத்தின் இரு முனைகளாகிய 9 மில்லிமீற்றருக்கும் 0.45 அங்குலத்துக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர் மாத்திரமே. இத்துணைச் சிறிய வேறுபாடு இத்துணை நீண்ட விவாதத்தைத் தோற்றுவித்தமைக்கு இயந்திரவியல் தரும் விடை மட்டும் போதாது. கலிபர் பெருக்கப்பட்ட சந்தர்ப்பங்களில் எல்லாம், சன்னத்தின் முன்னால் நிற்பவன் யார் என்பது பற்றிய ஒரு சித்திரமும் உடன் தீட்டப்பட்டது. அச்சித்திரமே நமது ஆய்வுக்குரியது.

2

0.45 அங்குல றிவோல்வரைப் பயன்படுத்திவந்த அமெரிக்கத் தரைப்படை, 1892இல் இலகுவான 0.38 அங்குலக் கோல்ட் றிவோல்வரை ஏற்றது. 1898 டிசெம்பரில் கைச்சாத்தான பாரிஸ் உடன்படிக்கையின்படி பிலிப்பைன்ஸ் தீவுகள் 2 கோடி டொலருக்கு ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறின. 1899 பெப்ரவரியில் அம்மக்களுக்கும் புதிய எசமானருக்கும் இடையே போர் மூண்டது. தெற்கே முஸ்லிம்களாகிய மோறோ மக்களின் எதிர்ப்பு 1913 வரை நீடித்தது.

இப்போர்களிலிருந்தே கலிபர் விவாதத்தின் மூலக்கதை பிறக்கின்றது. வெறி தலைக்கேறிய மோறோ வீரன், பல சன்னங்கள் உடலிற் பாய்ந்த பின்னரும் வீழாது ஓடிவந்து வெட்டினான். ஆகவே சிறிய சன்னம் போதாது என்பது அக்கதை. 'நிறுத்தும் ஆற்றல்' என்ற தொடர் இக்கதையின் துணைகொண்டே செல்வாக்குப் பெற்றது. ஆனால் இராணுவ வைத்தியரான லூயி லகார்ட் 1914இல் வெளியிட்ட துப்பாக்கிக் காயங்கள் பற்றிய நூலில் விரிவாகப் பதிவாகியுள்ள நிகழ்ச்சி வேறொன்று. 1905இல் சமார் தீவில் அன்டோனியோ காஸ்பி என்ற கைதி தப்பியோட முயன்றபோது, 0.38 றிவோல்வரால் அண்மையிலிருந்து நான்கு முறை சுடப்பட்டான். ஈற்றில் துப்பாக்கிப் பிடியால் நெற்றியில் அடித்தே அவன் வீழ்த்தப்பட்டான். இங்கு வாளேந்திய வீரனில்லை. சிறையிலிருந்து விடுபட முனைந்த மனிதனொருவனே உள்ளான். 1901 - 1902இல் ஜெனரல் ஜேக்கப் சிமித்தின் கட்டளையால் பாழாக்கப்பட்ட தீவு அது என்பதும் மனங்கொளத்தக்கது.

ஏகாதிபத்தியப் படைக்கு நிறுத்தும் ஆற்றல் குறைவாக இருந்தது என்பதும் பொருந்தாது. 1906 மார்ச்சில் ஜோலோ தீவின் பட் டாஹோ எரிமலை வாயிற் புகலடைந்திருந்த மோறோ மக்கள், பெண்கள் சிறுவர் உட்பட நூற்றுக்கணக்கில், மலைப்பீரங்கிகளாலும் இயந்திரத் துப்பாக்கியாலும் கொல்லப்பட்டனர். மார்க் ட்வெய்ன் இதனை வன்மையாகக் கண்டித்து எழுதினார். கொலையுண்டோரின் கதை மங்கிற்று. சுட்டும் வீழாதவனின் கதையே படைத்துறை மரபாக நிலைத்தது.

இத்தகைய சித்திரம் அமெரிக்கருக்கு மட்டும் உரியதன்று. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையிற் செய்யப்பட்ட, உடலினுள் விரியும் சன்னங்களை 1899இல் ஹேக் மாநாடு தடைசெய்ய முற்பட்டபோது, பிரித்தானியப் பிரதிநிதி சேர் ஜோன் ஆர்டா அதனை எதிர்த்தார். நாகரிகமடைந்த போர்வீரன் காயப்பட்டதும் பின்வாங்குவான், காட்டுமிராண்டியோ தொடர்ந்து முன்னேறுவான் என்பதே அவரது வாதத்தின் சாரம். உடற்கூற்றியலின் பெயரால் உரைக்கப்பட்ட இனவாதம் இதுவாகும்.

3

1904இல் ஆயுதத் துறையைச் சேர்ந்த ஜோன் தொம்சனும் முன்னர்க் குறிப்பிட்ட லகார்டும் கலிபர்ப் பரிசோதனையை நடத்தினர். சிக்காகோ இறைச்சித் தொழிற்சாலைப் பட்டிகளில் உயிருள்ள மாடுகள்மீதும், மனிதச் சடலங்கள்மீதும் பல்வேறு சன்னங்கள் சுடப்பட்டன. அதே ஆண்டில் அவ்விறைச்சித் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தமொன்றை நடத்தித் தோல்வியுற்றனர். அதன்பின் அங்கு சென்று செய்தி திரட்டிய அப்டன் சிங்க்ளேயர் 1906இல் 'தி ஜங்கிள்' நாவலை வெளியிட்டார். ஒரே களத்திற் குடியேற்றப் போரின் தேவையும் தொழிலாளர் போராட்டமும் சந்தித்தமை தற்செயலாயினும், இரண்டையும் ஈன்ற சமூக அமைப்பு ஒன்றே.

கலிபர் 0.45 அங்குலத்துக்குக் குறையலாகாது என்பது பரிசோதனைக் குழுவின் முடிவு. இதன்வழியே ஜோன் பிறவுனிங் வடிவமைத்த 0.45 பிஸ்டலை அமெரிக்கப் படை 1911இல் ஏற்றது. எனினும் அதே அறிக்கை, உயிர்நிலை தவிர்ந்த உறுப்புகளிற் படும் கைத்துப்பாக்கிச் சன்னத்தை நம்பமுடியாது, குறிதவறாது சுடும் பயிற்சியே இடையறாது வேண்டும் எனவும் கூறிற்று. விட்டம் பற்றிய வாக்கியம் விதியாயிற்று. பயிற்சி பற்றிய வாக்கியம் பெரிதும் மறக்கப்பட்டது.

பிற நாடுகளின் தெரிவுகளும் ஒப்புநோக்கத்தக்கன. ஜேர்மன் தரைப்படை 1908இல் 9 மில்லிமீற்றரை ஏற்றது. பிரித்தானியாவோ முதலாம் உலகப் போரின் பின்னர், குறுகிய காலத்திற் பயிற்றப்படும் படைவீரனுக்கு இலகுவானது எனக் கருதி, 0.455இலிருந்து 0.38க்கு இறங்கியது. மனித உடல் எங்கும் ஒன்றே, முடிவுகளோ வேறுபட்டன. தெரிவைத் தீர்மானித்தது உடற்கூற்றியல் மட்டுமன்று என்பது இதனாற் புலனாகும்.

4

குடியேற்றப் போரிற் பிறந்த சித்திரத்தை ஒத்த ஒன்று தாயகத்துப் பொலிசாரிடையேயும் தோன்றியது. நியூயோர்க் பொலிஸ் ஆணையாளராயிருந்த தியடோர் ரூஸ்வெல்ட், 1896இல் தமது படையினருக்கு 0.32 அங்குல றிவோல்வரைப் பொது ஆயுதமாக்கினார். பின்னர் இதே ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாயிருந்த காலத்திலேயே பட் டாஹோ படுகொலை நிகழ்ந்தது. 1914 பெப்ரவரியில் 'நியூயோர்க் டைம்ஸ்' இதழில் எட்வேட் ஹண்டிங்டன் வில்லியம்ஸ் என்னும் வைத்தியர் எழுதிய கட்டுரை, கொக்கேயின் உட்கொண்ட கறுப்பினத்தவரைச் சிறிய சன்னங்களால் வீழ்த்த முடியவில்லை என்றும், ஆகவே தென் மாநிலப் பொலிசார் பெரிய கலிபருக்கு மாறுகின்றனர் என்றும் கூறிற்று. கறுப்பின மக்கள் வாக்குரிமை பறிக்கப்பட்டு, விசாரணையின்றி அடித்துக் கொல்லப்பட்ட காலம் அது.

இலக்கிய மாணவனுக்கு இங்கு ஒரு கதைக்கூறு தெற்றெனப் புலப்படும். மோறோ, கைதி, கறுப்பினத்தவன் என நாயகன் மாறுகிறான், கதையமைப்பு மாறவில்லை. சுடப்படுபவன் மனித வலியை உணராதவன். மதமோ மருந்தோ அவனை மனிதருக்கு அப்பாற்பட்டவனாக்கியது. வலியை உணராதவன்மீது இரங்க வேண்டியதில்லை என்பது இக்கதையின் உள்ளுறை. கருத்துநிலை இவ்வாறு இயந்திரவியலின் மொழியிற் பேசுகிறது.

5

பின்னர் 0.38 ஸ்பெஷல் ரவையே 1980கள் வரை அமெரிக்கப் பொலிசாரின் முதன்மை ரவையாக விளங்கியது. 1986 ஏப்ரல் 11ஆம் திகதி மியாமியில் எப்.பி.ஐ. உத்தியோகத்தர் எண்மர் இரு கொள்ளையரை மறித்தபோது நிகழ்ந்த மோதலில் உத்தியோகத்தர் இருவர் மாண்டனர். ஐவர் காயமுற்றனர். கொள்ளையருள் ஒருவன் நீள்துப்பாக்கி வைத்திருந்தான். எனினும், அவனது உடலிற் பாய்ந்த 9 மில்லிமீற்றர்ச் சன்னமொன்று இருதயத்தை எட்டாது நின்றமையே பெரிதும் பேசப்பட்டது. பணியகம் 10 மில்லிமீற்றர் ரவையை நாடியது, அதன் எதிருதைப்பு மிகையெனக் கண்டு வலுவைக் குறைத்தது, 1990இல் 0.40 அங்குல ரவை பிறந்தது. நாடெங்கும் பொலிஸ் நிலையங்கள் புதிய பிஸ்டல்களை வாங்கின; ஆயுதக் கம்பனிகளுக்கு அது பொற்காலம்.

பணியகத்தின் 1989ஆம் ஆண்டு அறிக்கையே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டிருந்தது: இருதயம் சிதைந்த பின்னரும் மூளையிலுள்ள ஒட்சிசன் 10 முதல் 15 வினாடிகள் வரை மனிதனை இயங்கச் செய்யும். கொக்கேயினோ மதவெறியோ இன்றியே எந்த மனிதனும் அவ்வளவு நேரம் வீழாது நிற்கக்கூடும். 2014இல் எப்.பி.ஐ. மீண்டும் 9 மில்லிமீற்றரே போதுமென நியாயங் காட்டியது. சன்னங்களின் அமைப்பு மேம்பட்டுள்ளது. மோதல்களிற் பொலிசார் சுடுவனவற்றுள் 70 முதல் 80 வீதம் வரை குறிதவறுகின்றன. எதிருதைப்புக் குறைந்தால் விரைந்தும் குறிதவறாதும் சுடலாம் என்பன அதன் வாதங்கள். 1904இல் மறக்கப்பட்ட வாக்கியம் 110 ஆண்டுகளின் பின் திரும்பி வந்தது எனலாம்.

6

ஆயுதமேந்திப் பணிபுரியும் பொலிஸ்காரனின் உயிரும் உயிரே. அவனுக்கு எந்த ரவை ஏற்றது என்ற வினாவை நாம் எள்ளவில்லை. ஆயின் அவ்வினா வேறொரு வினாவின் இடத்தைக் கவர்ந்துகொள்வதே நமது கண்டனத்துக்குரியது.

மியாமி நிகழ்ச்சிக்கு ஓராண்டு முன்னர், 1985இல், அமெரிக்க உயர் நீதிமன்றம் டெனசி எதிர் கார்ணர் வழக்கிற் தீர்ப்பளித்தது. 1974இல் மெம்பிஸ் நகரில், வேலியேறித் தப்பியோட முயன்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுவனைப் பொலிஸ்காரர் ஒருவர் பின்தலையிற் சுட்டுக் கொன்றார். அவனிடம் ஆயுதமில்லை, வீட்டிலிருந்து எடுத்த 10 டொலரும் ஒரு பணப்பையுமே இருந்தன. பிறருக்குப் பாரதூரமான ஆபத்து விளைவிக்காது ஓடுபவனைக் கொல்வது அரசியலமைப்புக்கு முரணானது என நீதிமன்றம் கூறிற்று. அங்கு சன்னம் தன் வேலையைச் செவ்வனே செய்தது. நிறுத்தும் ஆற்றலில் எக்குறையும் இருக்கவில்லை. சமார் தீவின் கைதியைப் போன்று இவனும் ஓடியவனே.

ஓடுபவனை ஏன் சுடவேண்டும், யாருடைய உடைமையைக் காக்க, யாருடைய கட்டளையால் என்னும் வினாக்களுக்குக் கலிபர் அட்டவணையில் விடையில்லை. அவ்வினாக்களை எழுப்புவது சமூக விஞ்ஞானத்தின் பணி. வீழாதவனின் கதையைக் கட்டுடைத்து, அதனுள் மறைக்கப்பட்ட மனிதனை வெளிக்கொணர்வது இலக்கிய ஆய்வாளரின் பணி.