குழிமுசலும் சாப்பான் வீட்டாரும்



பூமியில் சிறியவைகளாயிருந்தும் ஞானமுள்ள நான்கு ஜீவன்களை ஆகூர் எண்ணிக் காட்டுகிறார் (நீதிமொழிகள் 30). அவற்றில் இரண்டாவது குழிமுசல். அப்பெயரை வாசிக்கையில், வளை தோண்டி வாழும் ஒரு முயல்தானே உங்கள் நினைவுக்கு வருகிறது?

எபிரெயத்தில் அதன் பெயர் 'சாப்பான்'. அது முயல் அன்று. இன்றும் என்கேதியின் பாறைகளில் கூட்டமாய் வெயில் காய்கிற, குறுங்காதுள்ள சிறு பிராணி அது. முன்கால்களில் நான்கு விரல்கள், பின்கால்களில் மூன்று; நகங்கள் சிறு குளம்புகளைப் போன்றவை. யானையும் கடற்பசுவுமே அதற்கு நெருங்கிய இனம் என்கின்றனர் உயிரியல் அறிஞர். ஐரோப்பாவில் அது இல்லாமையால், லூத்தர் அதைக் குழிமுயல் என்று பெயர்த்தார். 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமமும் அவ்வாறே செய்தது. நமது நாட்டிலும் அது இல்லை. நமக்கும் அது குழிமுசலாயிற்று.

உண்மையில் அது குழி தோண்டுவதில்லை. தோண்டுவதற்கேற்ற கால்கள் அதற்கில்லை. ஏற்கெனவே கன்மலையில் இருக்கும் பிளவுக்குள் புகுந்துகொள்கிறது. அதுவே அதன் ஞானம்.

இப்பெயரையே ஒரு மனிதரும் தரித்திருந்தார். யோசியா ராஜாவின் பதினெட்டாம் வருஷத்தில், ஏறக்குறைய கி.மு. 622-இல், தேவாலயத்தில் கண்டெடுக்கப்பட்ட நியாயப்பிரமாண புஸ்தகத்தை ராஜாவுக்கு முன்பாக வாசித்த சம்பிரதியாகிய சாப்பான் அவர் (2 இராஜாக்கள் 22). லேவியராகமம் 11 அசுத்தமென்று விலக்கிய பிராணியின் பெயர், வேதத்தை வாசித்தவரின் பெயராயிருந்தது!

அவர் குடும்பத்தைக் கவனியுங்கள். எரேமியாவைக் கொல்ல ஜனங்கள் தேடியபோது, அவர்கள் கையில் அவன் அகப்படாதபடி காத்தவர் சாப்பானின் குமாரன் அகீக்காம் (எரேமியா 26). எரேமியாவின் வார்த்தைகள் எழுதிய சுருளை பாருக்கு ஜனங்கள் கேட்க வாசித்தது, சாப்பானின் குமாரன் கெமரியாவின் அறையில். ராஜா அதைச் சுட்டெரித்தபோது, வேண்டாமென்று விண்ணப்பம்பண்ணினவர்களில் அந்தக் கெமரியாவும் ஒருவர் (எரேமியா 36). கன்மலையில் ஒதுங்கும் பிராணியின் பெயரைக் கொண்ட குடும்பம், ஒடுக்கப்பட்ட தீர்க்கதரிசிக்கு ஒதுக்கிடமாயிற்று.

பிரியமானவர்களே, உங்களை அறியாதவர்கள் உங்களுக்கு வேறு பெயரிட்டு அழைக்கலாம். அதனால் கன்மலை உங்களைவிட்டு விலகுவதில்லை. நமக்கான புகலிடத்தை நாமே தோண்டிக்கொள்ள வேண்டியதுமில்லை. ஆனால் அங்கே அடைக்கலம் பெற்ற நாம், இந்த வாரம் யாருக்கு அகீக்காமாக இருக்கப்போகிறோம்? நம்முடைய வாசலைத் தட்டத் தயங்கி வெளியே நிற்பவர் எவரென்று ஜெபத்தோடு சிந்திப்போம். ஆமென்.