திருமேனிக்குச் சாட்சியான நிழற்படம்

கல்லில் வெட்டிய சாசனமும் செம்பில் பொறித்த பட்டயமும் ஆலயச் சொத்துக்குச் சாட்சி என்பதை யாவரும் அறிவர். சூரிய ஒளி எழுதும் சாட்சியாகிய நிழற்படத்தைக் கோயில் வரலாற்றில் சேர்த்து எண்ணுவோர் சிலரே.

1839-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து டாகர், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவத்தை நிலைபெறச் செய்யும் முறையை உலகறியச் செய்தார். அப்படத்துக்குப் பிரதி எடுக்க இயலாது. இங்கிலாந்தின் டால்பட், காகிதத்தில் எதிர்ப்படம் எடுத்து, அதிலிருந்து வேண்டிய பிரதிகளைப் பெறலாம் எனக் காட்டினார்.

இக்காகித முறையே நம் பக்கம் வந்தது. சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளரான காப்டன் லின்னேயஸ் டிரைப், 1857-58-இல் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு தென்னாடு சுற்றினார். அவர் வெளியிட்ட தொகுதிகளுள் ஒன்று ராயக்கோட்டையையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களையும் காட்டுவது. அந்நாளில் தருமபுரியும் சேலம் ஜில்லாவில் அடங்கியதே. 1965-இல்தான் தனி மாவட்டமாயிற்று. ராயக்கோட்டை 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. மெழுகூட்டிய காகிதத்தில் வெள்ளி உப்பைப் படியவைத்து, நிமிஷக் கணக்கில் ஒளி காட்டினால்தான் உருவம் பதியும். நடந்து செல்வோர் பதியார். அசையாது நிற்கும் மலையும் கோபுரமுமே பதியும். கோயிலைப் படமெடுக்க இதைவிடப் பொருத்தமான முறை வேறுண்டோ!

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுக்களை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார்.

1955-இல் புதுச்சேரியில் தொடங்கிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் தமிழகத்துக் கோயில்தோறும் சென்று செப்புத் திருமேனிகளைப் படமெடுத்து வைத்தனர். அதன் அருமை பிற்பாடு விளங்கிற்று. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசப் பெருமானின் திருமேனி களவு போய், 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று. 1994-இல் எடுத்த படம் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. மெழுகுக் கருவை உருக்கி வார்க்கையில் அச்சு ஒருமுறையே உதவும், பின்னர் உடைக்கப்படும். ஆதலின் ஒரு திருமேனியின் வடுவும் நெளிவும் மற்றொன்றில் இரா. 2014 செப்டம்பரில் ஆடவல்லான் தாயகம் மீண்டான். விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் உடன் வந்தார்.

நம் மாவட்டத்து அதியமான்கோட்டை சென்னராயப் பெருமாள் கோயிலின் விதானத்தில் பழைய ஓவியங்கள் உள்ளன. சுண்ணம் உதிர்ந்தால் மீளாதவை அவை. அவற்றையும் படமெடுத்து வைத்தல் நன்று.

கருவறையில் படமெடுத்தல் மரபன்று என்பர், அம்மரபைக் காப்போம். உற்சவ மூர்த்திகளை அலங்காரம் களைந்த வேளையில், அர்ச்சகர் முன்னிலையில் படமெடுக்கத் தடையில்லை. மாலையும் பட்டும் சாத்திய படம் பூசைக்கு அழகு, வழக்குக்கு உதவாது. முன்புறம், பின்புறம், பீடம் மூன்றும் தெரிய, அருகே அளவுகோல் வைத்து எடுத்து, உயரமும் எடையும் குறித்து, பிரதியொன்றைக் கோயிலுக்கு வெளியிலும் வைத்தல் வேண்டும். திருப்பணிக் கணக்கில் இதற்கெனச் சிறு தொகை ஒதுக்குமாறு உபயதாரர்களை வேண்டுகிறோம்.