பட்டியலில் பெயர் இருக்கிறதா? கூப்பனிலிருந்து அஸ்வெசும வரை ஒரு வரலாறு



போன கிழமை பாடசாலை விட்ட பிறகு ஒரு உம்மா வகுப்பு வாசலில் நின்றார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் அடையாள அட்டைப் பிரதி, கணவருடைய கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம், மடித்து மடித்துக் கிழியப் பார்த்த ஒரு கடிதம். "டீச்சர், இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்களே" என்றார்.

கணவரின் நோய்க்காக ஒரு திட்டத்தில் கிடைத்துவந்த கொடுப்பனவு பற்றிய கடிதம் அது. தகுதி விதிகள் மாறியிருக்கின்றன, தகவல்களைக் குறித்த திகதிக்குள் மீளச் சமர்ப்பிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்தத் திகதி போய் ஒன்பது நாள். கணவரின் நோய் குணமாகவில்லை, வீட்டு வருமானமும் கூடவில்லை. திகதி ஒன்றுதான் போயிருந்தது.

அன்று முழுக்க இதே யோசனை. நம் நாட்டில் அரசாங்க உதவிக்கு "இவர் தகுதி, அவர் தகுதியில்லை" என்று பிரிக்கும் பழக்கம் எப்போது வந்தது? அப்படிப் பிரித்தபோதெல்லாம் என்ன நடந்தது? கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் மதீனாவுக்குப் போவோம். உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் "திவான்" என்ற பதிவேடு உருவானது. யாருக்குப் பொதுநிதியிலிருந்து எவ்வளவு என்று பெயர் பெயராக எழுதிய பட்டியல் அது. குழந்தைகளுக்கும் பங்கு இருந்தது. ஆனால் ஒரு விதி: பால்குடி மறந்த பிள்ளைக்குத்தான் கொடுப்பனவு. இப்னு ஸஅத் போன்ற ஆரம்பகால வரலாற்றாசிரியர்கள் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே தங்கிய வணிகக் கூட்டத்துக்கு உமர் (ரழி) இரவில் காவல் நிற்கிறார். ஒரு குழந்தை விடாமல் அழுகிறது. தாயிடம் காரணம் கேட்கிறார். பால் மறக்கடிக்கிறேன், மறந்தால்தான் உமர் கொடுப்பனவு தருவார் என்கிறாள், கேட்பவர் யாரென்று தெரியாமலே. பிள்ளைக்குச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மறுநாள் ஸுபஹ் தொழுகையில் அவர் அழுத அழுகையில் ஓதுவது மக்களுக்கு விளங்கவில்லை என்கிறது அறிவிப்பு. அன்றே விதியை மாற்றினார். பிறந்த நாளிலிருந்தே கொடுப்பனவு என்று அறிவிக்கச் செய்தார்.

அந்த விதியை வகுத்தவருக்குக் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. பொதுநிதியை அளந்து கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் வந்த விதிதான் அது. ஆனால் விதி ஒரு கோட்டைக் கீறினால் மக்கள் அந்தக் கோட்டுக்கு ஏற்றபடி தம் வாழ்க்கையை வளைப்பார்கள். வளைக்க முடியாதவர்கள் வெளியே விழுவார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு இலங்கைக்கு வருவோம்.

1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். கேகாலை, குருநாகல் பக்கம் பேரழிவு. 1931இல்தான் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்திருந்தது. வாக்குள்ள மக்கள் சாகும்போது அரசியல்வாதிகளால் பேசாமல் இருக்க முடியவில்லை. கிராமப்புற ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் பெருகியதற்கு இது ஒரு பெரிய காரணம். அந்தக் காலத்தில் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் இயலுமானவரிடம் கட்டணம், ஏழைக்கு இலவசம் என்ற முறைதான் இருந்தது. 1939இல் வறியோர் சட்டமும் வந்தது. அதாவது "நான் ஏழை" என்று நிரூபித்தால்தான் உதவி.

1951இல் அந்தக் கட்டணம் நீக்கப்பட்டது. ஏழையா பணக்காரரா என்று கேட்காமல் எல்லோருக்கும் கதவு திறந்தது. கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வி 1945இல் செய்ததை ஆஸ்பத்திரியில் இது செய்தது. இன்றைக்கும் ஓபிடி வாசலில் யாரும் நம் வருமானத்தைக் கேட்பதில்லை. துண்டு எடுத்து வரிசையில் நின்றால் போதும். நாம் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் உலகில் பல நாடுகளில் இந்தத் துண்டுக்குப் பின்னால் ஒரு காப்புறுதி அட்டை, அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு விண்ணப்பம், அதற்குப் பின்னால் ஒரு வருமான விதி இருக்கிறது.

இடையில் 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை வந்தது. 25 சதம்தானே என்று தோன்றும். ஆனால் வெளிநோயாளர் எண்ணிக்கை குறைந்தது. 25 சதம் பெரிதாகத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே நோயோடு இருந்துவிட்டார்கள் என்றுதான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். 1977இல் அதுவும் நீக்கப்பட்டது.

ஆஸ்பத்திரியின் கதை இப்படி. அரிசியின் கதை வேறு.

1942இல் யுத்த காலத்தில் பர்மா அரிசி நின்றபோது பங்கீடு தொடங்கியது. எல்லோருக்கும் கூப்பன். நம் மூத்தம்மாமார் "கூப்பன் அரிசி" என்று சொல்வது இதைத்தான். 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால். அதற்குப் பிறகு டட்லி சேனாநாயக்க பிரதமர் பதவியிலிருந்து விலகினார். எல்லோர் கையிலும் இருந்த ஒரு சலுகையில் கை வைத்தால் எல்லோரும் சேர்ந்து எழும்புவார்கள் என்பதை அரசுகள் கண்டுகொண்டன.

1978இல் முறை மாறியது. மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டுமே பங்கீடு. 1979இல் அதற்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே. வருமானத்தை மக்களே எழுதிக் கொடுத்தார்கள். வியாபாரத்தில், விவசாயத்தில் இருந்தவரின் உண்மை வருமானம் யாருக்கும் தெரியாது. ஆனால் தோட்டத் தொழிலாளியின் சம்பளம் செக்ரோலில் சதக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். ஒரு லயன் அறையில் மூன்று பேர் உழைத்தால் கணக்கில் கோட்டைத் தாண்டிவிடுவார்கள். இப்படித் தோட்டக் குடும்பங்களில் பெரும்பாலானவை வெளியே நின்றன. வருமானத்துக்குக் கடதாசி இருந்தவன் மாட்டிக்கொண்டான்.

1980இல் புதிதாகச் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு ஏழையானவருக்கு இடமில்லை. முத்திரையின் பெறுமதியோ அப்படியே இருக்க, விலைவாசி ஏறியது. சில வருடங்களில் அதன் வாங்கும் சக்தி பாதியளவுக்கு இறங்கியது. 1953இல் நாடே எழும்பியது. இம்முறை பெரிய ஹர்த்தால் எதுவும் நடக்கவில்லை. ஏன்? வெளியே போன பாதிக்கு இனி அதில் பங்கில்லை, உள்ளே இருந்த பாதிக்குத் தனியாகக் குரலில்லை. பட்டியல் மக்களைப் பிரித்துவிட்டது.

பிறகு 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி. ஆட்சி மாறும்போது பெயரும் மாறியது. சமுர்த்திப் பட்டியலில் வசதியுள்ளவர் இருக்கிறார், இல்லாதவர் இல்லை என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருந்தது. அதைச் சரிசெய்யும் நோக்கத்தில் 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023இல் அஸ்வெசும வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என ஆறு துறைகளில் 22 அளவுகோல்கள். அவற்றை வைத்து நான்கு வகுப்புகள். தொடக்கத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. முதல் பட்டியல் வந்தபோது ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன.

இந்த எண்ணிக்கையை இரண்டு விதமாக வாசிக்கலாம். பட்டியலில் அவ்வளவு பிழை என்று ஒரு வாசிப்பு. கேட்கத் தெரிந்தவர்கள் அவ்வளவு பேர் என்று இன்னொரு வாசிப்பு. நமக்குக் கவலை மூன்றாவது கூட்டத்தைப் பற்றியது: தகுதி இருந்தும் கேட்காமல் விட்டவர்கள். அவர்களை எந்தக் கணக்கும் காட்டாது.

அமெரிக்காவின் அண்மைக்கால அனுபவம் இதை நன்றாகக் காட்டுகிறது. அங்கே ஏழைகளுக்கான அரச மருத்துவக் காப்புறுதியின் பெயர் மெடிகெய்ட். 1965இல் ஜனாதிபதி ஜோன்சன் கையெழுத்திட்ட சட்டம். கொரோனாக் காலத்தில் யாரையும் அதிலிருந்து நீக்கக் கூடாது என்று விதி இருந்தது. 2023 மார்ச் 31உடன் அது முடிந்தது. பழையபடி எல்லோரும் தகுதியை மீண்டும் நிரூபிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஒன்றரை வருடத்துக்குள் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் வருமானம் கூடியதற்காக நீக்கப்படவில்லை. படிவம் திரும்பி வரவில்லை, முகவரி மாறியிருந்தது, திகதி போயிருந்தது என்ற நிர்வாகக் காரணங்களால் நீக்கப்பட்டார்கள். 2025இல் வந்த புதிய சட்டப்படி, வேலை செய்யும் வயதுப் பயனாளிகளில் ஒரு பகுதியினர் 2027 முதல் மாதம் 80 மணி நேரம் வேலையோ, படிப்போ, சமூக சேவையோ செய்ததை நிரூபிக்க வேண்டும். இதைப் போன்ற விதியை ஆர்கன்சாஸ் மாநிலம் 2018இல் பரீட்சித்தபோது சில மாதங்களில் 18,000க்கும் அதிகமானோர் காப்புறுதியை இழந்தார்கள்.

அவ்வளவு பெரிய நாட்டிலும் நம்ம ஊர் உம்மாவின் பொலித்தீன் பைக் கதைதான்.

அதனால் கடதாசிதானே என்று நாம் அலட்சியமாக இருக்க முடியாது. ஓபிடி இலவசம்தான். ஆனால் வெளியே எடுக்கச் சொல்லும் ஸ்கேன், கடையில் வாங்கச் சொல்லும் மருந்து, கிளினிக்குக்குப் போகும் பஸ் காசு எல்லாம் குடும்பத்தின் தலையில். அந்த இடைவெளியை நிரப்புவது இப்படியான கொடுப்பனவுகளும் காப்புறுதிகளும்தான். 2017இல் தொடங்கிய சுரக்ஷா மாணவர் காப்புறுதியைப் பற்றிக் கேட்டால் நம் பெற்றோரில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆசிரியர்களான நாமே அதை எத்தனை பெற்றோர் கூட்டங்களில் சொல்லியிருக்கிறோம்? குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

விதிகள் இனியும் மாறும். அதற்கு முன்கூட்டியே செய்யக்கூடியவை சில:

ஒரு கோப்பு வாங்கி வையுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, கடைசியாகக் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

வீட்டில் ஒரு மாற்றம் நடந்தால், ஒரு மௌத்து, ஒரு பிறப்பு, ஒரு நோய், ஒரு வேலையிழப்பு, உடனே கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவியுங்கள். வீடு மாறினாலும் தொலைபேசி இலக்கம் மாறினாலும் அப்படியே.

கடிதம் வந்தால் முதலில் திகதியைப் பாருங்கள். விளங்காவிட்டால் அன்றே ஒருவரிடம் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெயர் வெட்டப்பட்டால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். மேன்முறையீடு செய்வது பிச்சை கேட்பதல்ல. சட்டம் தந்த உரிமை. எழுத்தில் கொடுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஜும்ஆவுக்குப் பிறகு ஸகாத் அறிவித்தல் வாசிக்கிறோம். அத்தோடு இந்தத் திகதிகளையும் வாசியுங்கள். மஹல்லாவில் படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு பிள்ளைகளை ஒரு மணித்தியாலம் இருத்தி வையுங்கள். அதுவும் ஸதகாதான்.

அந்த உம்மாவோடு இருந்து மேன்முறையீட்டை எழுதிக் கொடுத்தோம். தாமதத்துக்கான காரணத்தையும் கிளினிக் கொப்பியின் பிரதியையும் சேர்த்தோம். மறுநாள் காலையே அவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. துஆச் செய்யுங்கள்.

உமர் (ரழி) அவர்கள் அந்தக் குழந்தையின் அழுகையைக் கேட்டது இரவில் வெளியே நடந்ததால். நம் ஊரில், நம் வகுப்பில், யாருடைய வீட்டில் இப்படி ஒரு கடிதம் பிரிக்கப்படாமல் கிடக்கிறது என்று இந்தக் கிழமை ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.