இந்தூர் நகரச் சீரமைப்பும் பற்றிக் கெடிஸின் நோக்கும்

நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் கோட்டைகளையும் கோயில்களையும் அரண்மனைகளையும் பற்றி விரிவாக எழுதுவர். சாதாரண மக்கள் குடியிருந்த ஒடுங்கிய தெருக்களின் வரலாறோ பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. கொள்ளைநோய் பரவும்போதும், இடித்தகற்றும் திட்டம் தீட்டப்படும்போதுமே அத்தெருக்கள் அரசாங்க ஏடுகளில் இடம்பெறுகின்றன. இவ்விரு அச்சங்களும் ஒருங்கே சூழ்ந்திருந்த நகரம், மத்திய இந்தியாவில் ஹோல்கர் மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்த இந்தூர். குடியிருப்புகளைச் சீர்திருத்துவது யாருக்காக, யாரைக் கொண்டு என்னும் வினாவை அந்நகரின் வரலாறு தெளிவாக முன்வைக்கின்றது.

1896 இல் பம்பாயில் தோன்றிய பிளேக்கு நோய் இந்திய நகரங்கள் பலவற்றைப் பீடித்தது. நெருக்கமான குடிமனைகளே நோயின் இருப்பிடம் எனக் கருதிய குடியேற்ற ஆட்சியினர், அவற்றை இடித்து அகன்ற நேர்வீதிகளை அமைப்பதே பரிகாரம் என முடிவு செய்தனர். 1898 இல் பம்பாயில் நகர மேம்பாட்டுச் சபை நிறுவப்பட்டமை இந்நோக்கின் வெளிப்பாடே. ஆனால், வீடிழந்தோர் புதிய வீதிகளிற் குடியேறவில்லை. வாடகை கொடுக்க வகையற்ற அவர்கள் அயலிலிருந்த தெருக்களில் ஒதுங்க, ஓரிடத்து நெருக்கடி பிறிதோரிடத்திற்குப் பெயர்ந்தது.

இம்முறையை வன்மையாக எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் ஸ்கொத்லாந்து அறிஞரான பற்றிக் கெடிஸ் (1854–1932). உயிரியலிற் பயிற்சி பெற்ற இவர், 1880களில் எடின்பரோ நகரின் பழைய பகுதியில், வறியோர் மத்தியில் மனைவியுடன் குடியேறி, பழுதுற்ற வீடுகளைத் திருத்தும் பணியில் ஈடுபட்டவர். சென்னை ஆளுநர் பென்ற்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் 1914 இல் இந்தியா வந்து, தஞ்சாவூர், மதுரை முதலிய நகரங்களை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கென வகுக்கப்பட்டிருந்த நேர்வீதித் திட்டத்தை மறுத்து, ஏறத்தாழ ஆறிலொரு பங்கு செலவில் அப்பகுதியைச் சீராக்கலாம் என்று எடுத்துக்காட்டினார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, வெற்றிடங்களை ஒன்றிணைத்து, மரம் நட்டு, காற்றும் ஒளியும் புக வழிசெய்து, எஞ்சிய வீடுகளைக் காப்பதே அவர் முறை. 'பேணும் சத்திரசிகிச்சை' என அதனைக் குறிப்பிடலாம். கத்தியை எடுக்குமுன் நோயைக் கண்டறிதல் வேண்டும் என்பது அதன் அடிப்படை.

மூன்றாம் துக்கோஜிராவ் ஹோல்கரின் ஆட்சிக்காலத்தில் இந்தூருக்கு அழைக்கப்பட்ட கெடிஸ், 'மொகல்லா' எனப்படும் குடியிருப்புகளை ஒவ்வொன்றாக நடந்தே பார்வையிட்டார். கையில் வரைபடத்துடன் திரிந்த வெள்ளையரைக் கண்ட மக்கள் அஞ்சினர். வரைபடம் வந்தால் பின்னால் இடிப்போர் வருவர் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. அவ்வச்சத்தைப் போக்க அவர் மேற்கொண்ட வழியைக் கெடிஸே பின்னர் விவரித்துள்ளார். ஒருநாள் மகாராசாவாக இருக்கும் உரிமையை மன்னரிடம் பெற்ற அவர், தீபாவளி ஊர்வலம் வழமையான பாதையிற் செல்லாது, வீடுகளைச் சிறப்பாகத் துப்புரவாக்கித் திருத்திய தெருக்களின் வழியே செல்லும் என அறிவித்தார். குப்பை இலவசமாக அகற்றப்பட்டது. மக்கள் தத்தம் வீடுகளைப் பழுதுபார்த்து வெள்ளையடித்தனர். இடிக்கப்படுவதற்கென எண்ணப்பட்ட தெருக்கள் ஊர்வலத்தை எதிர்நோக்கி அலங்கரிக்கப்பட்டன.

ஊர்வலத்தில் யானைகளும் படைகளும் சென்றன. அழுக்கின் உருவான அரக்கனும், பிளேக்கைக் குறிக்கும் பெரும் எலியும் கொண்டுசெல்லப்பட்டு இறுதியில் எரியூட்டப்பட்டன. எனினும், அவ்வூர்வலத்தின் உண்மையான புதுமை வேறொன்று. நகரத் துப்புரவுத் தொழிலாளர் தூய வெள்ளாடை உடுத்து, மலர் சூடி, புதுவர்ணம் பூசிய வண்டிகளுடன் அணிவகுத்தனர். தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டிருந்தோரை ஊரே வாழ்த்தி வரவேற்றது. நகரின் நலம் யார் உழைப்பில் தங்கியுள்ளதென்பதை அறிக்கைகளிலும் தெளிவாக அன்று அக்காட்சி உணர்த்தியது.

இம்முயற்சியை மிகைப்படுத்தலும் ஆகாது. நோய் பின்னர் தணிந்தமைக்குப் பருவமாற்றமும் காரணமாகலாம். தொழிலாளர்க்குக் கிட்டிய மதிப்பு ஒருநாள் மதிப்பே. சாதி அமைப்பு அதனால் அசையவில்லை. மக்களின் பங்கேற்பும் மன்னர் இரவல் கொடுத்த அதிகாரத்தினாலேயே கைகூடியது. 1918 இல் இரு பாகங்களாக வெளிவந்த அறிக்கையின் விதப்புரைகள் யாவும் நிறைவேறவுமில்லை.

பிற்காலத்தில் இந்தூர் பெருகியபோது, நதிக்கரைகளிற் சேரிகள் தோன்றின. அச்சேரிகளை அகற்றாது, அவற்றினூடாக வடிகால்களையும் பாதைகளையும் நகரத்துடன் இணைக்கும் திட்டமொன்று 1980களின் இறுதியில் பிரித்தானிய உதவியுடன் தொடங்கப்பெற்றது. 1998 இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. ஆயினும், பல வீடுகள் வடிகாலுடன் இணைக்கப்படவில்லை என்றும் பராமரிப்புக் குன்றியதென்றும் ஆய்வாளர் குறைகண்டனர். அமைத்தல் ஒரு நிகழ்ச்சி. பேணுதல் நாளாந்தப் பணி. முன்னதற்கு விருதுண்டு, பின்னதற்கு இல்லை.

1921 இல் கொழும்பு நகருக்கும் கெடிஸ் திட்டம் வரைந்தார். 'கீழைத்தேயத்தின் தோட்ட நகரம்' என்னும் கனவை நாம் நினைவிற் கொண்டுள்ளோம். தெருத்தெருவாக நடந்து, வாழ்வோரை அறிந்து, பின்னரே வரைபடத்தைத் தொட வேண்டும் என்னும் அவரது முறையை நினைவிற் கொண்டிலோம். குடியிருப்புச் சீரமைப்பின் வெற்றியை எழுந்த கட்டடங்களின் தொகையால் அளத்தல் போதாது. சீரமைப்பின் முன்னர் அத்தெருவில் வாழ்ந்தவர் அதன் பின்னரும் அங்கேயே வாழ்கின்றனரா என்பதே முதலில் எழுப்பப்பட வேண்டிய வினாவாகும்.