சூலூர் வான்படைத் தளமும் படைக்கல மாற்றத்தின் தாமதமும்

மூப்படைந்துவந்த மிக்-21 போர் விமானங்களுக்கு மாற்றாக இலகுரகப் போர் விமானம் உருவாக்கும் திட்டத்தை இந்திய அரசு 1983இல் தொடங்கியது. அவ்விமானம் முதன்முதலாகப் பறந்தது 2001 சனவரி 4இல்தான். இத்தாமதத்தைப் பொறியியல் குறையாக மட்டும் காண்பது பொருந்தாது. 1998 மே மாதப் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைகளை அடுத்து அமெரிக்கா விதித்த தடையால், பறத்தல் கட்டுப்பாட்டு முறைமைக்காக லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துடன் நடந்துவந்த கூட்டுப்பணி அறுபட்டது. எஞ்சியதை இந்தியப் பொறியாளர்களே முடித்தனர். அணு ஆயுதம் பற்றிய முடிவு, பழைய விமானங்களின் பணிக்காலம் நீளவும் ஒரு காரணமாயிற்று.

கோவையை அடுத்த சூலூரில் இவ்விடைவெளியின் தடம் உள்ளது. 1971 போரில் பரம்வீர் சக்கரம் பெற்ற நிர்மல் ஜித் சிங் செகோனின் 18ஆம் படையணி, பின்னாளில் மிக்-27 விமானங்களை இயக்கியது. 2016 ஏப்ரலில் அது பணியிலிருந்து விலக்கப்பட்டபோது மாற்று விமானங்கள் ஆயத்தமாக இல்லை. 2020இல் சூலூரில் தேஜஸ் விமானங்களுடன் மீளமைக்கப்படும்வரை நான்கு ஆண்டுகள் அப்படையணி பெயரளவிலேயே இருந்தது. மிக்-21 முற்றாக ஓய்வுபெற்றதோ 2025 செப்டம்பர் 26இல்.