கல்லைப் பிளக்கும் குளிர்

கடுங்குளிரைச் சொல்லப் பிரெஞ்சில் ஒரு வழக்கு உண்டு: "இல் ழெல் ஆ பியேர் ஃபாந்த்ர்." கல் பிளக்கும்படி உறைகிறது என்று பொருள். என்னைப் போல் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள் இதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்நாட்டுக் கொத்தனார்கள் கண்ணால் கண்டதைத்தான் இந்த வழக்கு சொல்கிறது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். கல்லின் நுண்துளைகளில் தங்கிய ஈரம் இரவில் உறைந்து, பகலில் உருகி, மறுபடி உறைந்தால் கல் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். அப்படி உதிரும் கல்லுக்குப் 'பியேர் ழெலீவ்' என்று தனிப்பெயரே இருக்கிறது.

1709 ஜனவரியில் வந்த குளிரைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் 'பெருங்குளிர்' என்கிறார்கள். நம் ஊரை வளர்த்த பிரான்சுவா மர்த்தேன் இறந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சேன் நதி உறைந்தது. மரங்கள் வெடித்துப் பிளந்தன. அந்தக் குளிரிலும் தொடர்ந்த பஞ்சத்திலும் சுமார் 6 லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட நாட்டில் வீட்டின் வெளிப்புறத்தைக் குளிருக்குத் தயார் செய்வது என்றால், முதல் வேலை தண்ணீரை விரட்டுவதுதான். கற்சுரங்கத்திலிருந்து புதிதாக வெட்டிய கல்லில் ஈரம் இருக்கும் என்பதால், உறைபனிக்கு முன்பே அது காய்ந்துவிடும்படி பார்த்துக்கொண்டார்கள். சுண்ணாம்புச் சாந்து உறைபனியில் இறுகாது. ஆகவே குளிர்காலத்தில் கட்டட வேலை நின்றுவிடும். பாதியில் நிற்கும் சுவரின் தலையில் வைக்கோலும் எருவும் போட்டு மூடிவைப்பார்கள். க்ரேஸ் பகுதிக் கொத்தனார்கள் வசந்தத்தில் பாரிசுக்குப் போய், குளிர் வந்ததும் ஊர் திரும்புவது வழக்கம். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான மர்த்தேன் நதோ 1830இல் 14 வயதில் அப்படி நடந்தே பாரிஸ் போனவர்தான்.

வீட்டுக்காரருக்கும் வேலை இருந்தது. கூரையில் உடைந்த ஓட்டையும் பலகைக்கல்லையும் மாற்றுவது, இலையுதிர்ந்து அடைத்த தூம்பைச் சுத்தம் செய்வது, சன்னலின் மரக்கதவுகளுக்கு வண்ணம் அடிப்பது, சுவரின் விரிசல்களைச் சுண்ணாம்பால் அடைப்பது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். உள்ளே போன ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும்.

20ஆம் நூற்றாண்டில் சிமெண்ட் பரவலானது. பழைய கல்வீடுகளைப் 'பலப்படுத்த' பலர் சிமெண்ட் பூசினார்கள். ஈரம் பூச்சுக்குப் பின்னால் சிறைப்பட்டு, குளிரில் உறைந்து, பூச்சோடு கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. இன்று அங்கே பழைய வீடுகளைப் பழுது பார்ப்பவர்கள் சிமெண்டைச் சுரண்டிவிட்டு மறுபடி சுண்ணாம்புக்கே போகிறார்கள்.

புதுச்சேரியில் பனி உறைவதில்லை. ஆனால் நமக்கு உப்பு இருக்கிறது. கடற்காற்றிலும் நிலத்தடி ஈரத்திலும் வரும் உப்பு செங்கல்லின் துளைகளில் படிகமாகிப் பருத்து, அங்கே பனிக்கட்டி செய்யும் வேலையையே இங்கே செய்கிறது. சுவரில் உப்புப் பூப்பதும், அடிச்சுவர் மாவாய்க் கொட்டுவதும் இதனால்தான். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துப் பூசிய சுவர் இந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லைத் தின்னும்.

கடற்கரையில் 1870களில் எழுந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். பிறகு பழைய தோற்றத்திலேயே அதைக் கட்டினார்கள். நம் தெருக்களில் இருக்கும் தாழ்வாரத்து வீடுகளை யாரும் அப்படித் திரும்பக் கட்டித் தரமாட்டார்கள்.

ஆகவே, பழைய வீடு வைத்திருக்கும் நண்பர்கள் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். மாடியில் தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரில் ஆலஞ்செடி முளைத்திருக்கிறதா, அடிச்சுவரில் உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூச வேண்டியிருந்தால், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். அந்தக் கை தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.